பார்க்க வந்தவரின் வலது கால்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் தினமும் காப்பி குடிக்கும் கடைக்குப் புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும், "யாருகிட்ட வேலை?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ரயில்வேயா, தோட்டமா, செட்டியார் கடையா என்று தெரிந்த பிறகே பெயர். பல சமயம் பெயரைக் கேட்காமலேயே விட்டுவிடுவார்கள். நம் ஊரில் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டு ஒருவனுடைய உயரத்தை அளப்போம். இங்கே அளவுகோல் மட்டும் மாறியிருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் பெரிய கிராணியாக இருந்து நான் ஓய்வு பெற்றுப் பல வருடங்களாகிவிட்டன. கிராணி என்றால் இந்த நாட்டில் குமாஸ்தா. இன்றும் என்னைக் கேட்டால் "கவர்மெண்டு" என்றுதான் சொல்கிறேன். பென்சன் தருகிறவனும் முதலாளிதானே.

மகனையோ மகளையோ பார்த்துவிட்டு வரலாம் என்று நாகப்பட்டினத்தில் கப்பலேறும் பெரியவர்கள் இந்தக் கேள்விக்கு ஒரு பதிலைத் தயாராகக் கொண்டுவருவது நல்லது. பதில் இல்லாவிட்டாலும் காப்பிக்கடையில் காப்பி கிடைக்கும். ஆஸ்பத்திரி வாசலில் அப்படியில்லை. மன்னார்குடிப் பக்கத்து வைத்திலிங்கம் பிள்ளை பதில் இல்லாமல் வந்தவர்.

அவருடைய மகன் நடராஜன் ரயில்வே கிராணி. என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி குவார்ட்டர்ஸில் இருக்கிறான். வைத்திலிங்கம் பிள்ளையின் ஊருக்கு அடுத்த ஊர் என்னுடையது. கப்பலின் டெக்கில், அதாவது மேல்தட்டில், வருகிறவர்களைக் கரையிறங்கியதும் நோய்த் தடுப்புக்கான கொரண்டீன் முகாமில் கூலிகளோடு அடைத்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டு, பிள்ளை இரண்டாம் வகுப்பு டிக்கெட் எடுத்து, சரிகை அங்கவஸ்திரத்தோடு இறங்கினார். வந்த சில நாட்களிலேயே, கோலாலம்பூர்த் தெருக்களில் வெறுங்காலோடு நடக்கும் தமிழனெல்லாம் கூலி என்பதைக் கண்டுகொண்டார். செருப்புப் போட்டாலும் சந்தேகத்துக்கு இடமுண்டு என்று அவருக்குத் தோன்றியது. வாழ்நாளில் முதல் தடவையாகக் கறுப்பு பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கினார். கடைக்காரன் ஒரு அளவு பெரியதாகப் பார்க்கச் சொன்னதற்கு, "பெருசு போட்டா இரவல்னு நெனைப்பான்" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பூட்ஸோடு பத்து மலை, கிள்ளான், மஸ்ஜித் இந்தியா ஜவுளிக் கடைகள் என்று எல்லாவற்றையும் பார்த்து முடித்தார். நீரிழிவுக்காரருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைவு. வலது கட்டைவிரல் புண்ணாகி, காலுறையில் சீழ் ஒட்டியதை மருமகள் துவைக்கும்போது பார்த்துத்தான் வீட்டுக்கே தெரிந்தது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி நானும் கூடப் போனேன். வாசலில் இருந்த, காயத்துக்குக் கட்டுப் போடும் டிரசர் இங்கேயே பிறந்த தமிழர்.

"பெரியவரே, யாருகிட்ட வேலை?"

"நான் யாருகிட்டயும் வேலை பாக்குறதில்லை. என்கிட்ட நாப்பது பேர் பாக்குறான்."

"எந்த எஸ்டேட்டு?"

"எஸ்டேட்டா? மன்னார்குடியில பத்து வேலி நெலம் இருக்குய்யா எனக்கு."

"அது இந்த கேட்டுக்குள்ள வராது லா. இங்க உங்களுக்குப் பொறுப்பு யாரு?"

நடராஜன் முன்னால் வந்து, "எங்கப்பாதான். நான் ரயில்வேயில இருக்கேன்" என்றான்.

"பொண்டாட்டி புள்ளைன்னா ரெண்டாம் வகுப்பு வார்டுல பாதிக் காசு. அப்பாவுக்கு ரூல்ல எடமில்லையே, சார்."

டிரசர் சொன்னது சரி. நானே அந்த விதியை எத்தனையோ பேருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். அரசாங்க ஊழியனுக்குத் தகப்பன் உண்டு என்பதை அதை எழுதியவர்கள் யோசிக்கவில்லை. அந்நியராக இரண்டாம் வகுப்பில் படுத்தால் முழுக் கட்டணம், அதையும் முன்பணமாக வைக்கவேண்டும். மூன்றாம் வகுப்பில் திக்கற்றவர் என்று எழுதிப் படுத்தால் காசில்லை. நாற்பது பேருக்குச் சோறு போடுகிறவருக்கு, முதலாளி இல்லாத குற்றத்துக்காக, டிரசர் அந்தச் சொல்லையே எழுதினார். பிள்ளையை நான் ஓரமாக அழைத்துப் போனேன். "அதே டாக்டர், அதே கத்தி. கட்டில்தான் வேற. இப்பப் படுத்தா விரலோட போயிடும்" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

காலியாக இருந்த கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் மாரி படுத்திருந்தான். பிள்ளையின் பண்ணையில் பிறந்து, அங்கிருந்து ஓடிவந்து, டெங்கில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை செய்கிறவன். மண்வெட்டி பட்ட காலுக்குக் கட்டுப் போட்டிருந்தது. பிள்ளையைக் கண்டதும் உடம்பு தானாக எழுந்தது. கைகள் மார்புக்குப் போயின. பிறகு நிதானித்து, கட்டிலிலேயே நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

"ஆண்டே, நீங்களா! எந்தத் தோட்டத்துல பேர் பதிஞ்சிருக்கீங்க?"

வார்டே சிரித்தது.

"வாயை மூடுடா."

"கோவிக்காதீங்க, ஆண்டே. வாங்க, வந்து படுங்க. நான் எட்டிப் படுக்கலாம்னுதான் பாக்குறேன். கட்டிலை ஆணியடிச்சு வச்சிருக்கான்."

"உனக்கெல்லாம் யாருடா காசு கட்டுறது?"

"எங்க தொரை. கட்டாட்டி கோர்ட்டுல அவருக்குத்தான் அபராதம்." மாரி உண்மையான அக்கறையோடு கேட்பதுபோலக் கேட்டான்: "உங்களுக்கு யாரு ஆண்டே கட்டுறது?"

இந்த மாரியின் தகப்பனைக் களத்துமேட்டில் பாம்பு கடித்த வருடம் நான் கல்லூரி விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். மன்னார்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும். பிள்ளையின் கூண்டு வண்டி மாடு பூட்டித் தயாராகவே நின்றது. அவன் ஏறிய வண்டியில் பிறகு வீட்டுப் பெண்கள் எப்படி ஏறுவது என்று பிள்ளை கேட்டார். அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்வதற்குள் அவன் செத்துப்போனான். வார்டில் மாரி காசைப் பற்றிக் கேட்டதுமே பிள்ளை திரும்பி வாசலைப் பார்த்து நடந்துவிட்டார்.

கிள்ளானில் பச்சிலை கட்டும் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே போக ரயிலேறினார்கள். பச்சிலைக்காரர் பயந்துபோய், ஆஸ்பத்திரிக்கே போகச் சொன்னாராம். "அங்க எந்தப் பய பக்கத்துல படுக்கணும்னு உமக்குத் தெரியாது. நீர் கட்டும்" என்று பிள்ளை அதட்டிக் கட்டவைத்தார். விரல் கறுத்தது. பிறகு பாதம். குவார்ட்டர்ஸ் முழுவதும் நாற்றம் வந்தபோது மருமகள் கேட்காமலேயே கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். மிச்சத்துக்குச் செட்டியாரிடம் நடராஜன் கையெழுத்துப் போட்டான். முன்பணம் வைத்து, இரண்டாம் வகுப்பில், வெள்ளை விரிப்புப் போட்ட தனிக் கட்டிலில் பிள்ளையைப் படுக்கவைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் விரலை எடுத்திருக்கக்கூடிய அதே டாக்டர் இரண்டாம் வகுப்பில் முழங்காலுக்கு மேலே எடுத்தார். மாரி கட்டுப் பிரித்து, இரண்டு கால்களோடும் தோட்டத்துக்குத் திரும்பியிருந்தான்.

மயக்கம் தெளிந்ததும் பிள்ளை கேட்டது உயிரைப் பற்றியல்ல.

"கால் எங்கடா? அதைக் கொளுத்திச் சாம்பலைக் கொடு. ஊருக்குக் கொண்டுபோறேன். நாளைக்கு என்னை வைக்கிறப்ப முழு உடம்பா வைக்கணும்."

சுடுகாட்டில் எதையும் எரிக்க அனுமதிச் சீட்டு வேண்டும். நடராஜன் விடாப்பிடியாக என்னை அந்த அலுவலகத்துக்கு இழுத்துப்போனான். அங்கிருந்த மலாய்க் கிராணி மிகவும் மரியாதையானவர்.

"சியாபா மாத்தி?" என்றார். யார் இறந்தது என்று பொருள்.

நடராஜன் தனக்குத் தெரிந்த மலாயில், "காக்கி பாபா சாயா" என்றான். என் அப்பாவின் கால்.

பதற்றத்தில் இருக்கும் மகன் ஏதோ உளறுகிறான் என்று அவர் எடுத்துக்கொண்டார். முகத்தில் இரக்கத்தோடு தகப்பனாரின் பெயரையும் வயதையும் கேட்டு எழுத ஆரம்பித்தார். நான் குறுக்கிட்டிராவிட்டால் பிள்ளையைச் சட்டப்படி கொன்றிருப்பார். நிலைமையை நான் விளக்கியதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். ஆள் சாகாமல் சீட்டு இல்லை. வெளியே வந்ததும், "கொஞ்ச நாள் பொறுத்துக் கேட்டுப் பார்க்கலாமா, கிராணி ஐயா?" என்றான் நடராஜன். யார் சாவதற்குப் பொறுப்பது என்று அவனிடம் நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து கேட்டபோது, கால் ஏற்கெனவே போய்விட்டது என்றார் டிரசர். அறுவை முடிந்த அன்றே தோட்டி அதைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய், திக்கற்றவர்களைப் புதைக்கும் இடத்தில் புதைத்திருக்கிறான். தோட்டங்களிலிருந்து வந்து திரும்பிப் போகாதவர்கள், கேட்க ஆளில்லாதவர்கள், எல்லோரும் அங்கேதான், அடுத்தடுத்து. அதற்குக் கட்டணம் கிடையாது. இந்த நாடு பிள்ளைக்கு இலவசமாகச் செய்துகொடுத்த காரியம் அது ஒன்றுதான்.

போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தில் பிள்ளையை நாற்காலியோடு தூக்கிக் கப்பலில் ஏற்றினார்கள். தூக்கியவர்கள் யார், எந்தச் சாதி என்று அவர் கேட்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். ஏற்றுவதற்கு முன் மகனின் கையைப் பிடித்து, "வேலையை விட்டுட்டு வந்துடு. இந்த மண்ணுல நம்ம ஆளு யாரும் கெடக்க வேண்டாம்" என்றார்.

"செட்டியார் கடன் இருக்கேப்பா" என்றான் நடராஜன்.

போன அமாவாசையன்று நடராஜன் அந்தப் புதைகுழிப் பக்கம் போனான். துணைக்கு என்னையும் கூப்பிட்டான். லாலான் புல் இடுப்புவரை வளர்ந்திருந்தது. எந்தக் குழிக்கும் அடையாளமில்லை. ஒரு சொம்பில் பால் கொண்டுவந்திருந்தான். எள்ளும் தண்ணீரும் இறைக்க முடியாது, தகப்பனார் மன்னார்குடியில் சாப்பிட்டுத் தூங்குகிறார். விழுந்து கும்பிடலாம் என்றால் கும்பிட வேண்டியவர் கடலுக்கு அப்பால் இருக்கிறார். எங்கே ஊற்றுவது என்று என்னைப் பார்த்தான். இதற்கு என்ன முறை என்று எனக்கும் தெரியவில்லை. புல்லுக்கு நடுவே, சொம்பைச் சாய்க்காமல், மேற்கே ஒரு தடவையும் தரையை ஒரு தடவையும் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான்.