கருப்பாத்தாள் வைத்த பெயர்

பொள்ளாச்சிக்குத் தெற்கே எங்கள் ஊரில் கிறிஸ்தவர்கள் இருபது வீடு; கோயில் மட்டும் இரண்டு. கிழக்கே சீர்திருத்த சபையான லண்டன் மிஷன், மேற்கே ரோமன் கத்தோலிக்கம். வாரமெல்லாம் ஒரே தோட்டத்தில் கூலி வேலை செய்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். பிரசவம் என்றால் இரண்டு பக்கமும் கருப்பாத்தாளைத்தான் கூப்பிடும். அவள் லண்டன் மிஷன். வலியெடுத்தவள் அதையா பார்ப்பாள்?

கருப்பாத்தாள் தன் ஒரே குழந்தையைப் பறிகொடுத்தவள். ஞானஸ்நானம் கொடுக்க மிஷன் போதகர் ஐயர் கோயமுத்தூரிலிருந்து வந்து சேர்வதற்குள் அது போய்விட்டது. வைக்க நினைத்திருந்த பெயர் அவள் மனசோடு நின்றுவிட்டது.

1936 ஐப்பசி மழையில் ரோமன் வீட்டு ஆரோக்கியத்துக்குக் குறைமாதத்தில் பெண் பிறந்தது. பிறந்ததுமே நீலம் பாரித்தது. ரோமன் கோயில் சாமியார் பொள்ளாச்சியில் இருந்தார். நடுவில் ஓடை நிறைய வெள்ளம்.

"ஞானஸ்நானம் இல்லாமப் போனா எம் புள்ளய கோயில் கல்லறையில, மந்திரிச்ச மண்ணுல பொதைக்க உடமாட்டாங்களே, அக்கா!" என்று ஆரோக்கியம் கதறினாள்.

கருப்பாத்தாள் குளிப்பாட்ட வைத்திருந்த வெந்நீரை அள்ளி, ஒரு பெயரைச் சொல்லி, குழந்தையின் தலையில் ஊற்றினாள். மதியத்துக்குள் குழந்தை இறந்தது.

ஊர் சும்மா இருக்குமா? "ரோமன் கொழந்தைக்கு லண்டன் மிஷன் தண்ணியா?" என்றது. இரண்டு தரப்புக்கும் தண்ணீர் என்னவோ ஒரே கிணற்றில்தான்.

மறுநாள் வெள்ளம் வடிந்து சாமியார் வந்தார்.

"என்னம்மா சொல்லி ஊற்றினாய்?"

"பிதா, குமாரன், பரிசுத்த ஆவி பேராலேன்னுதானுங்க சாமி. தப்புங்களா?"

"தப்பில்லை. ஆபத்துக்கு யார் கொடுத்தாலும் செல்லும். நான் மறுபடி ஊற்ற மாட்டேன். என்ன பெயர்?"

"சாராளுங்க."

மந்திரித்த மண்ணிலேயே குழி வெட்டினார்கள். லண்டன் மிஷன்காரர்களும் வந்து நின்றார்கள். கர்த்தர் ஜெபத்தை எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். ரோமன்காரர்கள் முடித்த பிறகும் லண்டன் மிஷன் ஜெபத்தில் இன்னும் இரண்டு வரி பாக்கி இருந்தது. ரோமன்காரர்கள் காத்திருந்தார்கள், அதுவே பெரிய காரியம். சாமியார் "சாராள்" என்று உரக்கச் சொன்னபோது கருப்பாத்தாள் உடைந்துபோனாள்.

"எம் புள்ளைக்கு வெக்க இருந்த பேரு, ஆரோக்கியம். உன்னையக் கேக்காம வெச்சுப்போட்டேன்."

ஆரோக்கியம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுவருஷம் கல்லறைத் திருநாளில் ஆரோக்கியம் அந்தக் குழிமேல் ஒரு மெழுகுத்திரியை ஏற்றிவிட்டு, இன்னொன்றைக் கருப்பாத்தாளிடம் நீட்டினாள்.

"இது உங்க சாராளுக்குங்க, அக்கா."

செத்தவர்களுக்கு மெழுகுத்திரி வைப்பது லண்டன் மிஷனில் வழக்கமில்லை. கருப்பாத்தாள் ஏற்றினாள்.