ரேடியோ சொன்ன தூரம்

காயில்காரர் முப்பது வருஷம் கார்களுக்கு வயரிங் பார்த்தவர். பட்டறை வீட்டின் பின்னறைதான். வண்டிக்குப் புது இக்னிஷன் காயில் போட்டவர்கள் பழையதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அப்படிக் கைவிடப்பட்டவை அந்த அறையின் மூலையில் சேர்ந்துகொண்டே போயின. பாதிக்கு மேல் நல்ல காயில்கள் என்பது அவருக்கும் தெரியும், கழற்றச் சொன்ன மெக்கானிக்குக்கும் தெரியும்.

பேட்டரியின் சாதுவான பன்னிரண்டு வோல்ட்டை இருபதாயிரமாக்கி, இன்ஜினுக்குள் யார் கண்ணிலும் படாமல் ஒரு பொறியைத் தெறிக்க வைப்பது காயிலின் வேலை. அந்தப் பொறியை வெளியே கொண்டுவந்து ஊர் பார்க்க வைப்பது இவர் வேலையாயிற்று. இரண்டு காயில்கள், அவற்றை விநாடிக்கு நூறு தடவை போட்டு அணைக்கும் சர்க்யூட் பெட்டி ஒன்று, மேலே விரிந்துகொண்டே போகும் இரண்டு செப்புக் கம்பிகள். சுவிட்சைப் போட்டால் ஊதாநிறத் தீ கீழே பிறந்து, உறுமிக்கொண்டே கம்பிகளுக்கிடையில் ஏறி, உச்சியில் அறுந்து, மறுபடி கீழே பிறக்கும். பள்ளிக்கூடங்கள் வாங்கின. ஒரு மேஜிக் ஷோக்காரர் வாங்கினார். சினிமா செட்டுக்காரர்கள் வில்லனின் ஆராய்ச்சிக்கூடத்துக்கென்று வாங்கிப்போனார்கள். அந்த இயந்திரத்தால் உலகத்தில் ஒரு பிரயோஜனமும் கிடையாது. அதனாலேயே அவர் அதன்மேல் உயிரை வைத்திருந்தார்.

மனைவிக்கு அதில் குறை இல்லை. சமையலறைக்கும் பட்டறைக்கும் நடுவில் ஒரு சுவர். உறுமலை வைத்தே அவள் சொல்லிவிடுவாள்: "ஏங்க, கம்பி தள்ளிப்போச்சு போல, இழுத்து இழுத்து எரியுது." தள்ளித்தான் போயிருக்கும்.

அவளுடைய தங்கையின் கணவர், அதாவது சகலை, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஒரு நாள் அவருக்குக் காயில்காரர் பாடம் நடத்தினார். ரெண்டு காயிலையும் எதிரெதிரா இணைக்கணும். ஒரே பக்கமா இணைச்சா ரெண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும், நடுவுல பொறியே வராது.

"அப்ப எங்க வீட்டுல கனெக்‌ஷன் ரொம்பச் சரியா இருக்கு, அண்ணா" என்றார் சகலை. "உங்க வீட்டுலதான் சந்தேகம்."

சந்தேகம் நியாயமானது. முப்பத்தொரு வருஷத்தில் அந்த வீட்டில் உரத்த குரலை யாரும் கேட்டதில்லை. இருவரும் ஒருவர் மனதை ஒருவர் ஊகித்தே குடும்பம் நடத்தினார்கள். ஊகம் பெரும்பாலும் சரியாக இருந்ததுதான் வினை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கமே அவர்களுக்கு வரவில்லை.

அவளுக்கு மயக்கம் வர ஆரம்பித்தது. இதயம் மெதுவாகத் துடிக்கிறது என்று சொல்லி, தோளுக்குக் கீழே தோலுக்கடியில் பேஸ்மேக்கர் வைத்து அனுப்பினார்கள். கூடவே ஒரு தாளும் கொடுத்தார்கள். அவள் அதை மடித்து மருந்து டப்பாவின் அடியில் போட்டாள். ஆறு வாரம் கழித்து, மாத்திரை தேடும்போது அது காயில்காரர் கையில் கிடைத்தது. பெரிய காந்தம், வெல்டிங், ஓடும் இன்ஜினின் காயில், உயர் மின்னழுத்தப் பொறி ஆகியவற்றிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கவும்.

அந்த ஆறு வாரமும் அவர் தினமும் சுவருக்கு இந்தப் பக்கம் தீயை ஏற்றிக்கொண்டிருந்தார்.

வேறு யாராக இருந்தாலும் மருத்துவரிடம் போய், எவ்வளவு தள்ளி என்று கேட்டிருப்பார்கள். கம்பி இடைவெளியை மில்லிமீட்டரில் வைக்கிற ஆளுக்குச் 'சற்று' என்று எழுதியவர்மேல் நம்பிக்கை போய்விட்டது. தானே அளந்தார். ஒரு சின்ன ரேடியோவின் முள்ளை எந்த நிலையமும் வராத இடத்தில் வைத்து, இயந்திரத்தை ஓடவிட்டு, ரேடியோவோடு நடந்தார். பொறியின் இரைச்சல் எங்கே நிற்கிறதோ அதுவரை ஆபத்து என்பது கணக்கு. சமையலறை எட்டு காலடி, ரேடியோ கதறியது. வாசல் பதினைந்து, கதறியது. எதிர்வீட்டைத் தாண்டி நாற்பதாவது காலடியில்தான் அது ஓய்ந்தது.

அன்று சாயங்காலமே மனைவியைத் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

"கையில இருக்குற ஆர்டர் முடியட்டும்" என்றார்.

"சரிங்க" என்றாள். எத்தனை நாள் என்று அவள் கேட்கவில்லை. கேட்காததால், அவளுக்கு அங்கே சௌகரியம்தான் என்று அவர் ஊகித்தார்.

அந்த ஆர்டர் முடிந்தது. இன்னொன்று வந்தது. பட்டறையை வேறிடத்துக்கு மாற்றலாமென்று தேடினார். பார்த்த இடங்களிலெல்லாம் நாற்பது காலடிக்குள் யாராவது ஒருவரின் இதயம் இருந்தது. தொழிலை விட்டுவிடலாமென்றும் நினைத்தார். நினைப்பது ஒரு தனி வேலை. அதை அவர் இயந்திரம் செய்துகொண்டே செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியைப் பார்க்கப் போனார். உடம்பில் ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்துவிடுமோ என்பதுபோல் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டுதான் போவார். மின்சாரம் சட்டையில் ஒட்டாது என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்?

"மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி உக்காராதீங்கண்ணா" என்பார் சகலை. "நல்லா சாஞ்சு உக்காருங்க."

இப்படி ஒரு வருஷம் ஓடிற்று. பேஸ்மேக்கரைச் சோதிக்கத் தங்கைதான் அவளை அழைத்துப்போவாள். அந்தத் தடவை தங்கைக்குக் காய்ச்சல், காயில்காரர் போனார். ஆஸ்பத்திரியில் லேப்டாப் வைத்திருந்த பெண், மனைவியின் தோளுக்குக் கீழே வட்டமான ஒரு கருவியை வைத்துத் திரையைப் பார்த்தாள்.

"இது என்னம்மா படிக்குது?"

"உள்ள இருக்குற கருவி எல்லாத்தையும் குறிச்சு வைக்கும் சார். வெளியிலேர்ந்து மின்சார இரைச்சல் வந்து தொந்தரவு பண்ணா, தேதியோட நிக்கும்."

அந்த ஆறு வாரத்தின் தேதிகளைச் சொன்னார். அவள் திரையில் தேடினாள்.

"ஒண்ணுமே இல்லையே சார். சுத்தமா இருக்கு."

அவர் எல்லாவற்றையும் கொட்டினார்: காயில், கம்பி, சுவர், எட்டு காலடி, ரேடியோ. அந்தப் பெண் மருத்துவரை அழைத்துவந்தாள். மருத்துவர் பொறுமையாகக் கேட்டார்.

"மிஷினைத் தொடாம, பக்கத்துல போய் நிக்காம இருந்தாப் போதும். சுவருக்கு அந்தப் பக்கம் சமைக்கிறதுக்கு என்ன? ரேடியோ, எங்கேயோ இருக்குற சின்ன முனகலைக்கூடக் கேக்குறதுக்குன்னே செஞ்சது. உள்ள இருக்குற இந்தக் கருவி கண்டதையும் காதுல போட்டுக்காம இருக்குறதுக்குச் செஞ்சது. அதை வச்சு இதை அளந்தீங்களா?"

வராந்தாவில் மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். "வா, வீட்டுக்குப் போலாம்."

"முதல் செக்கப்லயே அந்தப் பொண்ணு சொல்லுச்சு" என்றாள் அவள்.

"என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் ஆகலைன்னு. வீட்டுல இருக்கலாம்னு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவள் கைப்பையின் வாரைச் சரிசெய்தாள். "என்னை விட்டுட்டுப் போனது நீங்க. காயிலை மூட்டை கட்டிட்டேன், வாடின்னு வந்து நிப்பீங்கன்னு இருந்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சட்டை மாத்திட்டு வந்தீங்க, போனீங்க."

"இப்பக் கூப்பிடுறேனே."

"இப்ப மிஷினால ஒண்ணுமில்லைன்னு ஆயிடுச்சு. அதனால கூப்பிடுறீங்க."

இதற்குப் பதில் இருந்தது. உன் உயிருக்குப் பயந்துதான் விட்டேன் என்பதே அது. அதை அவள் ஊகித்திருப்பாள் என்று அவர் நினைத்தார். பஸ் வந்தது. அவள் தங்கை வீட்டுக்கே போனாள்.

மறுநாளே அவர் பட்டறையில் வேலையை நிறுத்தினார். சேதி சகலை வழியாகப் போயிற்று. பதிலும் அதே வழியில் வந்தது.

"'அது ஒண்ணும் பண்ணாதப்ப எதுக்கு நிறுத்தணும்'னு கேக்குறாங்கண்ணா. கண்டக்டரா இருந்தப்பகூட நான் இவ்வளவு போயிட்டு வந்ததில்ல. நீங்களே நேர்ல பேசிக்கக் கூடாதா?"

மழைக்காலம் தொடங்கும்போது அவளே வந்தாள், கனத்த போர்வையை எடுத்துப்போக. நேராகப் பட்டறைக்குள் நடந்தாள். கம்பிகளில் தூசி படிந்திருந்தது.

"ஓட்டுங்க. பார்த்து நாளாச்சு."

"வேணாம்."

"டாக்டர்தான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாரே. நான் வாசப்படியிலேயே நிக்கிறேன்."

அவர் சுவிட்சின் அருகே போனார். கை அதன்மேல் இருந்தது, அழுத்தவில்லை.

"பயமா?"

"ஆமா. நீ இருக்கும்போது என்னால முடியாது."

அவள் வாசப்படியிலிருந்து உள்ளே வந்தாள்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள். பிறகு, "தங்கச்சிக்கு முட்டி ஆபரேஷன் இருக்கு. அது முடியட்டும், மழையும் விடட்டும், வந்துடுறேன். சமையலறையை ஒழிச்சு வைங்க" என்றாள்.

அவர் ஒழித்து வைத்தார். அலமாரித் தட்டுகளுக்குப் புதுத் தாள் விரித்தார்.

அந்த வருஷம் மழை விடவில்லை. அவளுக்கு நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பட்டறைக்குப் பூட்டு, ஆர்டர் கிடையாது, ஒன்பது நாளும் அவர் கட்டிலை விட்டு நகரவில்லை. பேசத்தான் அவளுக்கு மூச்சு இல்லை.

பத்தாம் நாள் மருத்துவர் வெளியே வந்து, இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை, கருவி கடைசி நிமிஷம்வரை ஒழுங்காக வேலை செய்தது என்று ஆறுதலாகச் சொன்னார். காயில்காரர் தலையசைத்தார். நல்ல கருவியைப் பற்றி யார் சொன்னாலும் தலையசைப்பது அவர் வழக்கம்.