ஆடு தொடாத கொடி

எங்கள் வீடு மாமல்லபுரத்துக்கு மேற்கே, காட்டை ஒட்டி இருக்கிறது. காடென்றால் முள்ளும் புதருமான காடுதான். பாம்புக்குக் குறைச்சல் இல்லை. அதனால் எங்கள் தெருவில் வேலிக்கு வேலி ஆடுதீண்டாப்பாளைக் கொடியை ஏற்றிவிடுவோம். அந்த வாடைக்குப் பாம்பு அண்டாது என்பார்கள். பாம்பு போனதோ என்னவோ, பட்டாம்பூச்சி வந்தது.

கறுப்பு இறக்கை, அதில் சிவப்புப் பொட்டுகள், உடம்பும் சிவப்பு. "இன்னாமே, இது எந்தக் கட்சிப் பூச்சி?" என்று என் வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். அணுபுரத்துக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார் அவர். மழை விட்டதும் பூச்சி வரும். இலை இலையாக முன்காலால் தட்டிப் பார்த்து, அந்தப் பாளைக் கொடியில் மட்டும் முட்டை வைக்கும். புழுக்களுக்கும் அந்த இலைதான் சோறு. இலையின் விஷம் அவற்றின் உடம்பிலேயே தங்கிவிடும். ஒரு தடவை கரிச்சான் குருவி ஒன்று பூச்சியைக் கவ்விய வேகத்தில் துப்பியதை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம்.

பார்த்த பிறகும் குடித்தார் பாருங்கள், அதுதான் என் வயிற்றெரிச்சல். முழங்கால் வலிக்கு நல்லதென்று யாரோ சொல்ல, அந்தக் கொடியின் வேரை இடித்துக் கஷாயம் வைத்தார்.

"வேணாய்யா, ஆடே தொடாத செடிய்யா அது" என்று கத்தினேன்.

"போமே. அந்தப் புழு நாள் பூரா துன்னுகினு கொழுகொழுன்னு கீது. எனக்கு இன்னா ஆவப் போவுது?"

மாதக்கணக்கில் குடித்தார். கால்வலி குறைந்தது; முகம் வீங்கியது. செங்கல்பட்டில் டாக்டர், என்ன நாட்டு மருந்து சாப்பிட்டார் என்று கேட்டார். சொன்னோம். அந்த வேர்தான் இரண்டு கிட்னியையும் தின்றிருக்கிறது என்றார். அதன்பிறகு டயாலிசிஸுக்குப் பஸ்ஸில் அலைந்ததுதான் எங்கள் பிழைப்பு.

ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல் கொடியை அறுக்க அரிவாளோடு போனேன். இலைக்கடியில் புழுக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தவர் குரல் கொடுத்தார்.

"வுடுமே. அதுங்க இன்னா பண்ணும்? அதுங்களுக்கு வேற சோறு கெடையாது."

அரிவாளைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அடுத்த மழைக்கு அவர் இல்லை.

கொடி இருக்கிறது. அவர் சொன்னதற்காக விட்டுவைத்திருக்கிறேன். பூச்சிகளும் வருகின்றன. எந்தப் பறவையும் தொடாது என்கிற தைரியமோ என்னவோ, அவசரமே இல்லாமல் பறக்கின்றன. பறந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்தக் காலிக் கட்டிலுக்கு நேரே, ஜன்னலில் அத்தனை நிதானமாகப் பறப்பதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.