ஆடிட்டுக்கு வைத்த பிரஷ்கள்

பரிமளா டாக்டர் போய்விட்டார் என்று போனில் சொன்னபோது, மங்கலத்தில் அவரும் நானும் சேர்ந்து நடத்திய பல் மருத்துவமனையில் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்றின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பற்கள் ஈறுவரை கரைந்து கறுத்துக் கிடந்தன. “பால் பல்லுதானுங்களே, உழுந்து முளைச்சிருமுங்க” என்றார் தாய். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இந்த ஒரு பேச்சோடு மல்லுக்கட்டியே டாக்டரின் ஆயுள் கழிந்தது.

துக்கம் கேட்க வந்தவர்களும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். “வலியே தெரியாமப் பல்லுப் புடுங்குவாங்க, ராசியான கை.” இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும், இதைவிட அவரை நோகடிக்கும் பாராட்டு கிடையாது. குழந்தைக்குப் பல் பிடுங்க நேர்ந்த நாளில் அவருக்கு மதியச் சோறு இறங்காது. “இது வைத்தியமில்லீங்க, நாம தோத்ததுக்கு அடையாளம்” என்பார்.

பிடுங்காமல் இருக்க வழி எளியது என்று சொல்லிச் சொல்லியே அவர் தொண்டை காய்ந்தது. இனிப்பு பட்ட வாயில் கிருமிகள் அமிலத்தைச் சுரந்து பல்லின் சத்தை உருவுகின்றன. பேஸ்ட்டில் உள்ள ஃபுளூரைடு அந்தச் சத்து மறுபடி பல்லில் ஏற உதவுகிறது. “மூணு வயசு வரைக்கும் அரிசி அளவு, அப்புறம் பட்டாணி அளவு. பெரியவங்கதான் வெச்சுக் குடுக்கோணும். முழுங்காமத் துப்பச் சொல்லுங்க.” காலையில் ஒரு தரம், படுக்கும் முன் ஒரு தரம். சோமனூர்த் தறிக்காரர் ஒருவர், “ராத்திரி பல்லு வெளக்கி யாருக்குங்க காட்டறது?” என்று கேட்டார். “கிருமிக்குத்தானுங்க” என்றார் டாக்டர், சிரிக்காமல்.

பனியன் வேலைக்குப் போகும் அம்மா ஓவர்டைம் முடிந்து வந்து தூக்குவதற்குள் குழந்தை தூங்கிவிடும். பிறகு எங்கே பல் விளக்குவது? ஆகவே ஒரு பனியன் கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்திலேயே, சாயங்காலத் தீனிக்குப் பிறகு விளக்கிவிட ஏற்பாடு செய்தார். மேனேஜர் பிரஷ்ஷும் பேஸ்ட்டும் வாங்கிவைத்தார். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் கம்பெனியைச் சோதிக்க ஆடிட்டுக்கு வந்த அன்று அவை வரிசையாக மினுங்கின. மறுவாரம் நாங்கள் போனபோது எல்லாம் பீரோவுக்குள், உறைகூடப் பிரிக்காமல் கிடந்தன. “அடுத்த ஆடிட்டுக்குப் புதுசா இருக்கோணுமுங்களே” என்றார் மேனேஜர். “ஏனுங்க, பீரோவுக்கா பல்லு சொத்தையாகுது?” என்று கேட்டுவிட்டு டாக்டர் தரையில் உட்கார்ந்துகொண்டார். பீரோவைத் திறக்கும்வரை எழவில்லை. திறந்ததும் ஒவ்வொரு குழந்தையையும் மடியில் சாய்த்து, “ஆ காட்டு கண்ணு” என்று அவரே விளக்கிவிட்டார். அதன்பிறகு தினமும் நடந்தது. காரணம், அவர் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பார்.

காரியத்தன்று அதே மேனேஜர் என்னிடம் வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது பொய்யில்லை. “டாக்டரம்மாவே போயிட்டாங்க. இனி அந்த பிரஷ் வேலைய நிறுத்திக்கலாமுங்களா? யாரு வந்து பாக்கப் போறாங்க?”

“நான் வருவேனுங்க. என்னைக்குன்னு சொல்ல மாட்டேன்” என்றேன்.

டாக்டருடைய பொறுமையை உங்களில் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு அது வராது. அவர் கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.