ஃபேனுக்குக் கீழே ஒரு முகம்

மக்ரிப் தொழுதுவிட்டு அறைக்கு வந்து வீட்டுக்கு வீடியோ கால் போட்டால், எனக்குத் தெரிவது அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டு உள்ளறை ஃபேன்தான். அதன் ஒரு இறக்கையில் ஒட்டடை பிடித்திருப்பது வரைக்கும் எனக்குத் தெரியும். மஸ்கட்டில் என்னோடு தங்கியிருப்பவர்களின் பிள்ளைகள் போனுக்குள் சிரிக்கிறார்கள், பல் காட்டுகிறார்கள். என் மகன் ரியாஸ் மட்டும் போனைக் கட்டிலில் மல்லாக்க வைத்துவிட்டுப் பேசுவான். "சாப்பிட்டீங்களா அத்தா" என்று குரல் வரும், மேலே ஃபேன் சுற்றும். போன தடவை ஊருக்குப் போனபோது அவனுக்குப் பரு நிறைய இருந்தது. வயசுப் பிள்ளை, தானாகப் போய்விடும் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். பருவும் போய்விட்டது என்று என் மனைவி சொன்னாள். பிறகு எதற்கு இந்த ஃபேன் என்றுதான் எனக்கு விளங்கவே இல்லை.

என் தொழில் டிங்கரிங். அடிபட்ட வண்டியின் பள்ளத்தை எடுத்து, பட்டி பூசி, தேய்த்து, பெயிண்டுக்குக் கொடுப்பது. தாம்பரத்தில் ரோட்டோர ஷெட்டில் கற்றுக்கொண்டேன். அங்கே பள்ளம் கண்ணுக்குத் தெரியாமல் போனால் போதும், வண்டிக்காரர் ஓட்டிக்கொண்டு போய்விடுவார். இங்கே அப்படி இல்லை. பெரிய ஹாலில் வரிசையாக டியூப்லைட் எரியும். அந்த வெளிச்சக் கோடு பானட்டின் மேல் நேராக விழ வேண்டும். எங்காவது நெளிந்தால் அங்கே பள்ளம் பாக்கி இருக்கிறது. தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை இடுக்கி, அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்தே எனக்கு இத்தனை வருஷம் போய்விட்டது.

ஒரு நாள் வேலை நேரத்தில் மனைவி கூப்பிட்டாள். குரோம்பேட்டையில் ஒரு தோல் டாக்டரிடம் பையனை எப்படியோ அழைத்துக்கொண்டு வந்துவிட்டாளாம், நானும் கேட்கட்டும் என்று போனைப் பிடித்திருந்தாள். டாக்டரம்மா மேல் விளக்கை அணைத்துவிட்டு, சின்ன விளக்கு ஒன்றைப் பக்கவாட்டில் பிடித்தார். நேர் வெளிச்சத்தில் தழும்பு தெரியாது, சாய்ந்த வெளிச்சத்தில்தான் தெரியும் என்றார். அப்போதுதான் என் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன்.

அவர் பொறுமையாகத்தான் சொன்னார். எல்லாத் தழும்பும் ஒன்றில்லையாம். ஊசியால் குத்தியது போலக் குறுகி ஆழமாக இருப்பது ஐஸ் பிக். அதற்குக் குச்சி முனையில் ஒரு துளி ஆசிட் தொட்டு வைப்பார்கள், அடியிலிருந்து மேலே வரும். விளிம்பு வெட்டினாற்போல அகலமாக இருப்பது பாக்ஸ்கார். அதற்கு மிக நுண்ணிய ஊசிகளால் குத்துவது, இல்லையென்றால் லேசர். நம் நிறத்துக்கு லேசர் பார்த்துத்தான் வைக்க வேண்டும், கருத்துப்போகும் என்றார். அலை அலையாக இருப்பது ரோலிங். தோலை உள்ளிருந்து ஏதோ நார் இழுத்துப் பிடித்திருக்கும், ஊசியை உள்ளே விட்டு அதை அறுத்துவிட வேண்டும். தாடையில் மேடாகத் தடித்திருப்பதற்கு அதன் மேலேயே ஊசி போடுவார்கள். ரியாஸுக்கு இதெல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. மாதக்கணக்கில் ஆகும், வெயில் படக்கூடாது, செய்த அன்றைக்கு முகத்தில் தண்ணீரும் படக்கூடாது. "அப்ப ஒளு எப்படி செய்வான்?" என்று மனைவி கேட்டாள். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. தொழுகைக்கு முன்னால் முகம் கழுவுவது என்று நான் இங்கிருந்து விளக்கினேன். இமாமிடம் கேட்டுக்கொள்கிறோம் என்றாள் மனைவி.

"டாக்டரம்மா, பழையபடி ஆயிடுமா?" என்று கேட்டேன்.

"ஆகாதுங்க. நல்லா குறையும். முழுசா போயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க."

"அத்தாவுக்கு என்னம்மா," என்று ரியாஸ் அவன் அம்மாவிடம் முனகினான். "காலைல வுட்டா சாயந்திரம் பெயிண்ட் அடிச்சு டெலிவரி எடுக்கணும்."

அவன் கன்னத்தில் விழுந்த அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சட்டென்று போன் பக்கம் திரும்பினான்.

"வண்டி பாக்குற மாதிரி பாக்காதீங்கத்தா."

என் தலை சாய்ந்திருந்தது. ஒரு கண் இடுக்கியிருந்தது. அல்லாஹ் அறிய, நான் வேண்டுமென்று செய்யவில்லை. சின்ன வயதில் ஷெட்டுக்குச் சோறு கொண்டுவந்து தந்தவன், அந்தப் பார்வை அவனுக்குத் தெரியும். "கட் பண்ணும்மா" என்றான். போன் இருண்டுவிட்டது.

பட்டறை முதலாளி, நல்ல மனிதர், ஓமானி, ஏன் வேலை ஓடவில்லை என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரை அரபியில் மகனின் முகத்தில் பள்ளம் பள்ளமாக இருக்கிறது என்றேன். எங்கள் பட்டறையில் பள்ளம் என்றால் விபத்துதான். பதறிப்போய், எந்த வண்டி மோதியது, உயிருக்கு ஆபத்தில்லையே என்றார். இல்லை என்று தலையாட்டினேன். கையேந்தி துஆ செய்தார். திருத்திச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. ஆமீன் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

முதல் சிகிச்சை முடிந்த மறுநாள், அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். முகம் வீங்கியிருக்கிறது, அறையை இருட்டாக்கிப் படுத்திருக்கிறான் என்றாள் மனைவி. கதவைத் திறந்து போனை உள்ளே வைத்தாள். கதவு வழியே விழுந்த வெளிச்சத்தில் ஃபேன் வந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றான். இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். தகரம் என்றால் பின்பக்கம் கையை விட்டுத் தட்டிவிடுவேன். இது என் கை எட்டாத இடம். எட்டினாலும் என் கைக்கு அங்கே வேலை இல்லை. என் கண்ணையும் அவன் நம்பவில்லை. நானும் போனை மெத்தையில் மல்லாக்க வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் கேட்டான். "அத்தா, இருக்கீங்களா? டியூப்லைட்டுதான் தெரியுது."

"இருக்கேன்டா. எனக்கும் ஃபேன்தான் தெரியுது. அப்படியே இருக்கட்டும், பேசு."

அவன் பேச ஆரம்பித்தான். இங்கே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது, அங்கே ஒட்டடையோடு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நான் கண்ணைத் துடைக்கவில்லை. பார்க்கத்தான் யாரும் இல்லையே.