கோப்பில் இரண்டு மாமாக்கள்

அக்கா எங்கள் தாய்மாமனைத்தான் கட்டிக்கொண்டாள். எங்கள் சொந்தத்தில் அது சாதாரணம். நான் எழுதிய கணினி நிரல்தான் அதில் தடுமாறியது.

அவள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, யாரையும் விட்டுவிடாமல் அழைக்க உறவுகளை எல்லாம் கணினியில் ஏற்றித் தரச் சொன்னாள். காஞ்சிபுரத்தில் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்ப்பவன் நான். ஒவ்வோர் ஆளையும் ஓர் ஆப்ஜெக்டாக, அதாவது ஒரே விவரத் தொகுப்பாக, வைத்தேன்: பெயர், ஊர், பிறந்த தேதி, போன் நம்பர், பிள்ளைகள், துணை. திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. கணினியை அணைத்தாலும் அழியாதிருக்க ஜேசான் கோப்பாக, அதாவது திறந்தால் நாமே படிக்கக்கூடிய எழுத்தாக, சேமிக்கப் பார்த்தேன். நிரல் நின்றுவிட்டது. அக்காவை எழுதும்போது கணவரை எழுதப் போனது. கணவரை எழுதும்போது மனைவியிடம் திரும்பி வந்தது. முடிவே இல்லை. கணவரிலிருந்து மனைவிக்குப் போகும் இணைப்பை எழுதாமல் விடச் செய்தேன். சேமித்துக்கொண்டது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் அக்கா அதைத் திறந்து மாமாவின் புது நம்பரைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் எனக்கு போன்.

"இன்னாடா இது? நம்பர மாத்திட்டேன், இன்னோர் எடத்துல பழசே இருக்குது?"

அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தாத்தாவின் பிள்ளைகளில் ஒருவராக ஒரு மாமா, அக்காவின் கணவராக இன்னொரு மாமா. நினைவகத்தில் ஒரே ஆளாக இருந்தவரைக் கோப்பு இரண்டு இடத்திலும் முழுதாக எழுதியிருந்தது. திரும்பப் படித்தபோது இரண்டு ஆளாகிவிட்டார்.

"ஒருத்தர வச்சிக்கினே முடியல, ரெண்டு பேரா?" என்றாள் அக்கா.

பட்டுச்சேலை நெய்யும் மாமா தறியிலிருந்து குரல் கொடுத்தார்: "சேலக் கரைக்கு நாடா எறிய ஆளில்லாம உக்காந்துக்கினு இருக்கேன். இன்னொருத்தன இங்க அனுப்புமா!"

இருவரும் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஆளுக்கு ஓர் எண் கொடுத்தேன். ஒவ்வொருவரையும் ஒரே முறை எழுதி, உறவுகளை அந்த எண்களால் மட்டும் குறித்தேன். திறக்கும்போது முதலில் ஆட்கள் எல்லோரும் உருவாவார்கள், பிறகு உறவுகள் இணையும். அதன் பின்னும் பிறந்த தேதிகள் வெறும் எழுத்தாகவே திரும்பி வந்தன. அவற்றில் நாள்தான் முதலில் நின்றதால், வயதுப்படி அடுக்கினால் மாமா அக்காவைவிட இளையவரானார். அதையும் திருத்தினேன்.

அக்கா விட்டுப்போன தாமல் ஊர்ச் சொந்தங்களை ஏற்றினாள். சேமித்து, மூடி, மறுபடி திறந்து, ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தாள். பிறகு போனை எடுத்து, வாலாஜாபாத் பெரியம்மாவிலிருந்து அழைக்கத் தொடங்கினாள்.