என் அண்ணன் கட்டிய பஸ் தரிப்பிடம்

எங்கள் சந்தியில் வழுவழுவென்று தார்க் கார்பட் ரோட்டுப் போட்டபோது எல்லோரும் சந்தோஷப்பட்டோம். நானும்தான். என் தேத்தண்ணிக் கடைக்குள் இனிப் புழுதி வராது என்று நினைத்தேன். புழுதி வரவில்லைதான், வேறெல்லாம் வந்தது. குழிக்குக் குழி பார்த்து ஊர்ந்து வந்த லொறிகள் இப்போது வாவிப் பக்கத்து வளைவில் தலை காட்டினால், கண்ணை மூடித் திறப்பதற்குள் கடையைத் தாண்டிவிடும். ரோட்டைத்தான் உயர்த்தினார்கள், அதன் கரையை அப்படியே விட்டுவிட்டார்கள். கார்பட் முடிகிற இடத்தில் ஒரு சாண் பள்ளம். அதற்கங்கால் முட்பற்றை, பற்றைக்குள் மாடு. பஸ்சுக்கு வருகிற சனம் எங்கே நிற்கும்? கார்பட்டில்தான் நின்றது.

என் அண்ணனின் ஒரே மகனும் அங்கேதான் நின்றான். பற்றைக்குள்ளிருந்து பாய்ந்த மாட்டுக்கு விலக்கி வெட்டித் திருப்பிய வான், அவனை இடித்துத் தள்ளிக்கொண்டுபோய் மதகுக் கட்டோடு நசுக்கியது. ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்த நான் சத்தம் கேட்டு ஓடினேன். முகத்தில் ஒரு கீறல் இல்லை. இடுப்புக்குக் கீழேதான் ஒன்றும் மிஞ்சவில்லை. “மாமி” என்று ஒரு தரம் கூப்பிட்டான். தலையைத் தூக்கி மடியில் வைத்தேன், என் கையிலிருந்த மாவெல்லாம் அவன் மயிரில் ஒட்டியது. அந்த மாட்டைக் கத்தியால் வெட்டிப்போட வேண்டும் போலிருந்தது. அது அந்தப் பக்கம் போய் நின்று மேய்ந்துகொண்டிருந்தது.

அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. மறுநாள் அண்ணன் கடைக்கு வந்து நின்றார்.

“நிக்க ஒரு இடமில்லாமத்தானேகா என்ட புள்ள செத்தான்? இனி ஒருத்தரும் இதில ரோட்டுல நிக்கப்படாது.”

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். அகாலத்தில் செத்தவர்களின் பேரில் பஸ் தரிப்பிடம் கட்டிக் கொடுப்பார்கள். பேரும் படமும் வைத்து, பிறந்த நாளும் செத்த நாளும் எழுதியிருக்கும். பஸ்சில் போனால் தரிப்புக்குத் தரிப்பு செத்தவர்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். அண்ணன் மேசனோடு சேர்ந்து தானும் சீமெந்து குழைத்தார். வாடைக்குச் சாரல் அடிக்கக் கூடாது, கச்சான் காற்றுக்குப் புழுதி அடிக்கக் கூடாது என்று மூன்று பக்கமும் கூரை முட்டச் சுவர் வைத்தார். உள்ளே சாய்ந்து இருக்கச் சீமெந்து வாங்கு. மகன் நின்ற இடத்தை ஒட்டிய கரைதான் வேண்டும் என்றார். அது வயல் வட்டைக்குள்ளிருந்து வருகிற கிறவல் மண் ரோட்டு மெயின் ரோட்டில் ஏறுகிற மூலை.

உண்மையைச் சொல்கிறேன், அதில் இருந்தவர்களுக்கு அதைவிடச் சுகமான இடம் இல்லை. வெளியில் வருகிறவர்களுக்குத்தான் அது எமன். வட்டைக்குள்ளிருந்து வரும் மோட்டார் சைக்கிள்காரனுக்கு வலப் பக்கத்து ரோட்டை முழுதாக அந்தச் சுவர் மறைத்துவிட்டது. முன்சில்லைக் கார்பட்டில் வைத்த பிறகுதான் என்ன வருகிறது என்று தெரியும். எத்தனை பேர் அரும்பொட்டில் தப்பினார்கள் என்று என் கடையிலிருந்து பார்த்தேன். எனக்கு வாய் சும்மா கிடக்காது.

“அண்ணன், பக்கத்துச் சுவர இடுப்பளவுக்கு வெட்டிவிடுங்க. ஆரையாவது கொல்லப்போகுது.”

“உனக்கு விசரா? சுவருல என்னகா பிழை? ஓடுறவன் பாத்து ஓடோணும்!”

“எதப் பாக்கிற? உங்கட சுவரயா?”

கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை நிலத்தில் அடித்து உடைத்துவிட்டுப் போனார். அண்ணன் பெண்சாதி, என் மச்சாள், அதற்கு மேல். காலையில் வாசல் கூட்டுகிறாளோ இல்லையோ, அந்தத் தரிப்பிடத்தைக் கூட்டிவிடுவாள். மகனின் படத்துக்கு விளக்குக் கொளுத்தி, “மனே, சாப்பிட்டியா?” என்று கேட்டுக்கொண்டு நிற்பாள். நான் சுவரைப் பற்றிக் கதைத்தது காதுக்குப் போன நாளிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். செத்தவன் எனக்கும் மருமகன்தானே.

காத்தான்குடியிலிருந்து இளம் சீலை வியாபாரி ஒருவர் கிழமைக்கொரு தரம் வருவார். மோட்டார் சைக்கிளின் பின்னால் பெரிய பொட்டணி கட்டிக்கொண்டு வட்டைக்கு அங்கால் உள்ள ஊர்களுக்குப் போய்வருவார். போகும்போது என் கடையில் ஒரு பிளேன்டீ. “அக்கா, இதில சீனி போடுறீங்களா, இல்லாட்டிச் சீனிய நினைச்சுக்கொண்டு கலக்குறீங்களா?” என்பார். “போங்க, உங்கட சீலையும் ஒரு தரம் கழுவினா வலைதானே!” என்று நானும் விடமாட்டேன்.

ஒருநாள் திரும்பி வரும்போது, அவர் வேகமாக வரவில்லை. கிறவல் ரோட்டு முடிகிற இடத்தில் நிறுத்தி, எட்டிப் பார்த்து, ஒன்றும் தெரியாமல் மெல்ல முன்சில்லை ஏற்றினார். டவுனில் மீன் இறக்கிவிட்டு வாகரைக்குத் திரும்பிய வெறும் லொறி வந்தது. பிரேக் பிடித்த சத்தம்கூட இடித்த பிறகுதான் கேட்டது. அவரைத் தூக்கி எறிந்து, விழுந்த உடம்பின் மேலேயே ஏறி நின்றது. பொட்டணி வெடித்துச் சீலையெல்லாம் ரோட்டில் விரிந்தது. லொறிக்குக் கீழே எது சீலை, எது அவர் என்று தெரியவில்லை. நான் கத்தியது வாவிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

சனம் கூடிச் சாரதியை இழுத்து விழுத்தியது. செருப்பு, விறகுக்கட்டை, கல், கையில் கிடைத்ததெல்லாம் அவன் மேல் விழுந்தது. எல்லோரையும் விட மூர்க்கமாக அடித்தவர் என் அண்ணன். மகனைக் கொன்றவனே கையில் கிடைத்த மாதிரி அடித்தார். அவன் வாய் நிறைய இரத்தத்தோடு கும்பிட்டான்.

“ஐயா, சுவருக்குப் பின்னால இருந்து வந்தா எனக்கு எப்படியய்யா தெரியும்?”

அதைக் கேட்டதும் அண்ணன் அவன் வாயிலேயே உதைத்தார். பல் தெறித்தது. “செத்துப்போவான், விடுங்க!” என்று நான் குறுக்கே விழுந்து அவர் காலைக் கட்டிக்கொண்டேன். பொலிஸ் வந்துதான் அந்த மனிசனைக் காப்பாற்றியது. அதன் பிறகு அண்ணனும் நானும் கதைக்கவில்லை. சுவர் அப்படியே நின்றது.

சில கிழமைகள் போயிருக்கும். ஒரு பின்னேரம் ஓட்டோவில் வயதான மனிதர் ஒருவர் வந்து இறங்கினார். சீலை வியாபாரியின் வாப்பா. மகன் விழுந்த இடத்தைக் காட்டச் சொன்னார், காட்டினேன். துஆ ஓதி முடித்துவிட்டுத் தரிப்பிடத்துக்குள் போனார். அந்த நேரம் அண்ணன் உள்ளே வாங்கில் இருந்தார். பெரியவர் சுவரைத் தடவிப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். அண்ணன்தான் படத்திலிருந்தவனின் தகப்பன் என்று அறிந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, மௌத்தாப்போன என்ட மகன்ட பேருலயும் எதிர்ப்பக்கத்தில இப்படி ஒண்டு கட்டிக் குடுக்க ஆசை. சுவரெல்லாம் இதே மாதிரித்தான். அவனுக்கு அந்த நன்மை போய்ச் சேரும். உங்கட்டக் கேட்டுச் செய்யலாமெண்டு வந்தன்.”

அண்ணனின் முகத்தை நான் அப்படி ஒருநாளும் கண்டதில்லை. கையை உதறிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். இரும்பு அலவாங்கோடு திரும்பி வந்து ஓங்கிச் சுவரில் குத்தினார். சீமெந்து பெயர்ந்து விழுந்தது. பெரியவர் பதறிப்போய் மறித்தார்.

“என்ன செய்றீங்க? உங்கட மகன்ட பேரில்லையா?”

“உங்கட மகனக் கொலை செஞ்சது இந்தச் சுவருதான். நான் கட்டின சுவரு. இவள் சொன்னவள், நான் கேக்கல்ல.”

பெரியவர் அவரைக் கன்னத்தில் அறைந்தார். அண்ணன் அசையவில்லை. “அடிங்க, இன்னும் அடிங்க” என்றார். பெரியவர் மறுபடி தூக்கிய கையைக் கீழே போட்டார்.

அதற்குள் மச்சாள் தலைவிரிகோலமாக ஓடிவந்து சுவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். “ஆரும் கிட்ட வரப்படாது! என்ட புள்ளய ரெண்டாந்தரமும் கொல்லப்போறீங்களா?” என்று கத்தினாள். அண்ணன் அலவாங்கை மீண்டும் ஓங்கினார். அவள் தலையில் இறக்கிவிடுவார் என்றே நான் பயந்தேன். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ, மச்சாளின் கையைப் பிடித்துத் தரதரவென்று கிறவல் ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“இதில நில்லுங்க! அந்தச் சீலைக்காரப் பொடியன் இதிலதான் நிண்டவன். இப்ப பாருங்க, என்ன தெரியுது?”

திமிறினாள். என் கையைக் கடித்தாள். நான் விடவில்லை. கடைசியில் பார்த்தாள். அங்கிருந்து பார்த்தால் சுவர்தான் தெரியும், வேறொன்றும் தெரியாது. எங்கோ ஒரு கோர்ன் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் என்று அவள் தலையைத் திருப்புவதற்குள் டவுன் பஸ் ஒன்று சுவரைக் கிழித்துக்கொண்டு வந்த மாதிரி முகத்துக்கு முன்னால் பாய்ந்து போனது. அந்தக் காற்றில் அவளுடைய சீலைத் தலைப்பு என் முகத்தில் அடித்தது. பின்னால் சாய்ந்து என் மேல் விழுந்தாள்.

பிறகு எழும்பி, பெரியவரின் முன்னால் போய் நின்றாள்.

“உங்கட மகனுக்கு எத்தின வயசு?”

அவர் சொன்னார். அவள் புருசனிடம் திரும்பினாள்.

“உடைங்க. இண்டைக்கே உடைங்க. அடுத்த புள்ள வாறத்துக்குள்ள உடைங்க.”